சார்ஜ் ஏறுகிற நேரம்

மஸ்கட்டிலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்பி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அப்துல் மாலிக் வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் கடலூர் போய் ஓர் எலெக்ட்ரிக் கார் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

கார் வாங்கியதைக்கூட அவர் மனைவி மெகருன்னிசா பொறுத்துக்கொண்டிருப்பாள். அதை எங்கே சார்ஜ் போடுவது என்று யோசிக்காமல் வாங்கியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மீராப்பேட்டையில் அவர்கள் வீடு இருக்கும் சந்தில் ஒரு ஸ்கூட்டி வந்தால், எதிரே வருகிறவர் யார் வீட்டு வாசல்படியிலாவது ஏறி நிற்க வேண்டும். காரைச் சந்து முனையில் இருக்கும் காலி மனையில்தான் நிறுத்த முடியும். அங்கே ஒரு வேப்பமரம் உண்டு, வேலிக்கருவை உண்டு, கரண்ட் கிடையாது. வீட்டிலிருந்து ஒயர் இழுத்தால் ஒன்பது வீட்டு வாசலைத் தாண்ட வேண்டும்.

"அந்த மனைக்கே கரண்ட் வாங்கிட்டா?" என்று மாலிக் மெதுவாகக் கேட்டார்.

"மனை என் பேருல பாதி, என் தம்பி பேருல பாதி. அவன் பினாங்குல உக்காந்துருக்கான். வாப்பா மவுத்தான அன்னிலேருந்து நான் அவன்கிட்ட எதுக்கும் போயி நின்னதில்ல. ஒங்க காருக்காக இப்ப நிக்கவா?"

ஊருக்கு மிக அருகில் இருந்த சார்ஜிங் மெஷின், கடலூர் - சிதம்பரம் மெயின் ரோட்டில், பொன்னுரங்கம் என்பவர் நடத்திய ஓட்டல் வாசலில் இருந்தது. ஒரே மெஷின், அதில் காரில் மாட்டுகிற ஒரே கன். மீராப்பேட்டையிலிருந்து அரை மணி நேர ஓட்டம். போய், முழுதாக ஏற்றிக்கொண்டு திரும்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும்.

"சத்தமே இல்ல மெகரு. நீ ஒரு தடவ ஏறிப் பாரு" என்று மாலிக் தினமும் சொன்னார். இருபத்தாறு வருஷம் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியின் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தவர். கம்ப்ரசர் இரைச்சலில் அவருக்கு இடது காது பாதி போய்விட்டது. டீசல் வண்டிக்குள் உட்கார்ந்தால் இன்னும் கிடங்குக்குள் இருப்பது போலவே இருக்கிறது என்று அவர் சொல்வதை மெகருன்னிசா கேட்டிருக்கிறாள். ஆனாலும் அவள் ஏறவில்லை. அந்த இருபத்தாறு வருஷத்தில் மாடி கட்டியது, மகள் நஜியாவைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தது, மாமனாரைக் கடைசிவரை பார்த்தது எல்லாமே அவள்தான். கடலூருக்கு எந்த பஸ் எத்தனை மணிக்கு, எது ஆலப்பாக்கத்தில் நிற்கும், எது நிற்காது என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அவளுக்குக் கார் தேவைப்பட்டதே இல்லை.

கடைசியில் நஜியாவுக்காகத்தான் ஏறினாள். நஜியா கடலூரில் புகுந்த வீட்டில் இருந்தாள். முழுகாமல் இருந்த மகளுக்கு மாங்காய் ஊறுகாயும் இடியாப்ப மாவும் கொடுத்து வர வேண்டும். பஸ்ஸில் ஜாடி உடைந்துவிடும் என்று பயந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

போகும்போது ஜாடியை மடியில் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்தாள். வரும்போது பொன்னுரங்கம் ஓட்டலில் நிறுத்தி மாலிக் சார்ஜ் போட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றது மெஷின். ஓட்டல் பக்கத்தில் புங்கமரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. பொன்னுரங்கம் கேட்காமலே இரண்டு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லாரிகள் போயின. சிதம்பரம் பஸ் ஒன்று போயிற்று. அவர்களுக்குப் பேச ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மாலிக், "நஜியா மாப்ள வூட்டுல ஏசி ரிப்பேர் பண்ணிட்டாங்களா?" என்றார்.

"பண்ணிட்டாங்க."

"வேற?"

மெகருன்னிசா திரும்பிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீயைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாலிக்குக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னா சிரிக்கிற?"

"இது என்னா மஸ்கட் போனா மச்சான்? 'வேற'ங்குறீங்க. நான் 'வேற ஒண்ணுமில்ல'ம்பேன். நீங்க 'சரி வெச்சிர்றேன்'ம்பீங்க. அப்புறம் அடுத்த வெள்ளிக்கிழமதான்."

மாலிக் கொஞ்சம் வெட்கப்பட்டார். "பழக்கமாயிட்டுது" என்றார். பிறகு அவரும் சிரித்தார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. வாரம் ஒருமுறை சார்ஜ் போடப் போக வேண்டியிருந்தது. "தனியா போயி ஒரு மணி நேரம் என்னா பண்ணுவீங்க" என்று சொல்லிக்கொண்டு மெகருன்னிசாவும் கூடவே கிளம்பினாள். முதலில் டீ மட்டும் குடித்தார்கள். அப்புறம் அவள் ஒரு சம்புடத்தில் இறால் அடை செய்து எடுத்துக்கொண்டு போனாள். பொன்னுரங்கத்துக்கும் கொடுத்தாள். அவர் பதிலுக்கு மரத்தடியில் ஒரு டேபிள் ஃபேன் வைத்துக் கொடுத்தார்.

வீட்டில் உட்கார்ந்தால் யாராவது வருவார்கள், குக்கர் கத்தும், டிவி ஓடும். இங்கே காரில் சார்ஜ் ஏறுவதைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. அதனால் பேச்சு தானாக வந்தது. மாலிக்குக்கு நன்றாகச் சமைக்கத் தெரியும் என்பது அப்போதுதான் மெகருன்னிசாவுக்குத் தெரிந்தது. மஸ்கட் ரூமில் ஆறு பேருக்கு அவர்தான் சமைத்தாராம். ஒரு பூனை வளர்த்தாராம், அதற்கு நஜியா என்று பெயர் வைத்தாராம். "புள்ள பேரையா பூனைக்கு வெப்பாங்க?" என்று அவள் கோபித்துக்கொண்டாள். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ரம்ஜானுக்கு லீவு கிடைக்கவில்லை என்றாரே, அது லீவு பிரச்சினை இல்லை, குடலிறக்க ஆபரேஷன் என்றும் சொன்னார்.

"ஏன் சொல்லல?"

"நீ அங்க உக்காந்து என்னா பண்ணிருப்ப? அழுதுருப்ப."

மெகருன்னிசா சம்புடத்தை மூடி வைத்தாள். பிறகு, "ஒரு வருஷம் பெருமழ பெஞ்சிதே, அப்ப வூட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி" என்றாள். "நஜியாவயும் மாமாவயும் மாடிப்படியில உக்காரவெச்சி விடிய விடிய முழிச்சிருந்தேன். பாம்பு வேற வந்துட்டுது. காலையில நீங்க போன் பண்ணுனீங்க. 'மழ கொஞ்சம் ஜாஸ்தி'ன்னு சொன்னேன்."

மாலிக் அவள் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். ரோட்டோரம், பட்டப்பகல். மெகருன்னிசா சுற்றுமுற்றும் பார்த்தாள். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "ஏறிடுச்சான்னு பாருங்க" என்று மட்டும் சொன்னாள். அதற்குள் ஏறியிருக்காது என்று இருவருக்கும் தெரியும்.

செல்லாயியை அவர்கள் சந்தித்ததும் அங்கேதான். சின்னமேட்டுக்குப்பத்துக்காரி. எலெக்ட்ரிக் லோடு ஆட்டோ ஒன்றை அவளே ஓட்டி, விடியற்காலையில் கடலூர் துறைமுகத்தில் மீன் ஏற்றி, ஊர் ஊராக விற்றுக்கொண்டு வருவாள். பொன்னுரங்கம் ஓட்டலின் பின்பக்கம் இருந்த ஒரு பிளக்கில் அரை மணி நேரம் போட்டால்தான் அவள் வண்டி வீடு போய்ச் சேரும்.

"ஒங்குளுது காருக்கா, ஒங்குளுக்கு நாக்காலியெல்லாம் போடுவாங்க. எனக்குக் கொல்லப்பக்கந்தான்" என்று சொல்லிச் சிரித்தாள் முதல் நாள். அடுத்த முறை மெகருன்னிசா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமே போய்விட்டாள். நல்ல வஞ்சிரம் எது, ஐஸில் கிடந்தது எது என்பதில் இருவருக்கும் பெரிய விவாதம் நடந்தது. மாலிக் முன்னால் தனியாக உட்கார்ந்து இரண்டு டீ குடித்தார்.

ஆனாலும் அந்தக் கார் விஷயத்தில் மெகருன்னிசாவுக்குள் ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் அது. வாய்விட்டு அவள் கேட்கவில்லை.

நஜியாவுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்ததும் அழைத்துவரப் போனார்கள். கத்திரி வெயில். நஜியாவுக்கு டீசல் வாடையே ஆகவில்லை, பஸ்ஸையும் வாடகைக் காரையும் நினைத்தாலே குமட்டியது. "வாப்பா கார்லயே வர்றேன்" என்று போனிலேயே சொல்லிவிட்டாள். மாலிக்குக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நாளே காரைக் கழுவி, பின்சீட்டுக்குத் தலையணை வாங்கினார்.

கடலூரில் கிளம்பும் முன் அவர்கள் சார்ஜ் போடப் போன இடத்தில் மூன்று கார்கள் வரிசையில் நின்றன. நிழல் இல்லை. மாலிக் மகளின் முகத்தைப் பார்த்தார். வேர்த்து வெளுத்திருந்தது.

"வேணாம், பொன்னுரங்கம் ஓட்டல்ல போட்டுக்கலாம். அது வரைக்கும் தாராளமா போவும்" என்று வண்டியைத் திருப்பினார்.

தாராளமாகத்தான் போயிற்று. ஆனால் ஓட்டல் வாசலில் மெஷின் இருட்டாக நின்றது. பொன்னுரங்கம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"பாய், காலையில இடி இடிச்சிதுல்ல, டிரான்ஸ்பார்மர் போயிடுச்சி. ஆளுங்க வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. நாளைக்கித்தான்னு சொல்றாங்க. போன் பண்ணலாம்னு பாத்தா ஒங்க நம்பர் எங்கிட்ட இல்ல."

காரின் திரையில் எட்டு சதவீதம் என்று காட்டியது. வீடு வரை தாங்காது. மாலிக் ஏசியை அணைத்தார். ஜன்னலை இறக்கினார். அனல் காற்று உள்ளே வந்தது. நஜியா கண்ணை மூடிக்கொண்டு சீட்டில் சாய்ந்தாள். மாலிக் போனை எடுத்து சார்ஜிங் இடங்களைக் காட்டும் ஆப்பைத் திறந்து மேலும் கீழும் தள்ளினார். கடலூரில் சில புள்ளிகள் தெரிந்தன, சிதம்பரத்தில் சில. நடுவே அவர்கள் நின்ற இடத்தில் இருந்த ஒரே புள்ளி சாம்பல் நிறமாகியிருந்தது. வாய் நுனிவரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு மெகருன்னிசா தன் போனை எடுத்தாள்.

"செல்லாயி, ஒங்க ஊர்ல கரண்ட் இருக்குதா?"

"இருக்குதேக்கா. எங்குளுக்கு வேற லைனு. ஏன், இன்னா ஆச்சி?"

சொன்னாள். செல்லாயி இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. "கெளம்பி வாங்க. ஓட்டலத் தாண்டி கெழக்கால திரும்புனா நேரா எங்க குப்பந்தான். மெதுவா ஓட்டச் சொல்லு பாய."

மாலிக் மெதுவாகத்தான் ஓட்டினார். ஒரு சைக்கிள்காரர் அவர்களை முந்திக்கொண்டு போனார். இறால் பண்ணைகளின் நடுவே போன சிமெண்ட் ரோட்டில் எட்டு ஆறாயிற்று, ஆறு ஐந்தாயிற்று. நஜியா கண்ணைத் திறக்காமலே, "உம்மா, வாப்பாவத் திட்டாதீங்க" என்றாள்.

"நான் எங்கடி திட்டுனேன்?"

"திட்டப் போறீங்கன்னு தெரியிது."

குப்பத்தின் நடுவே ஒரு பொதுக் கூடம் இருந்தது. வலை பின்னவும் என்ஜின் பழுது பார்க்கவும் கட்டிய தகரக் கூரைக் கூடம். அதில் இருந்த ஒரே பெரிய பிளக்கில் செல்லாயியின் லோடு ஆட்டோ சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அவள் வாசலிலேயே காத்திருந்தாள். காரைக் கண்டதும் உள்ளே போய்த் தன் வண்டியின் பிளக்கைப் பிடுங்கி, ஆட்டோவைத் தள்ளி ஓரம் கட்டினாள்.

"ஒனக்கு?" என்றாள் மெகருன்னிசா.

"பாத்துக்கலாங்கா. புள்ளய எறக்கு மொதல்ல."

செல்லாயியின் வீடு பக்கத்தில்தான். நஜியாவைக் கட்டிலில் படுக்கவைத்து, ஃபேனைத் திருப்பிவிட்டு, கால்மாட்டில் ஒரு தலையணை வைத்தாள். மோரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்து, வயிறு இறங்கியிருக்கிறது, இல்லை இன்னும் இறங்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் நஜியா வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனாள்.

கூடத்தில் மாலிக் காரை அந்தப் பிளக்கில் மாட்டிவிட்டு, அதன் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வோல்டேஜ் குறைவு, ஒரு சதவீதம் ஏற வெகுநேரம் பிடித்தது. கடலிலிருந்து திரும்பியிருந்த செல்லாயியின் கணவன் பச்சமுத்து பக்கத்தில் உட்கார்ந்து வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"வூடு போற அளவுக்கு ஏறுனா போதாதா பாய்?" என்றான்.

"பத்தாது மச்சான். வூட்டுல போட வழியில்ல. திடீர்னு புள்ளைக்கி வலி வந்துட்டா சிதம்பரம் கொண்டாவணும். அதுக்கும் சேத்து ஏத்திக்கணும்."

"அப்ப பொழுது சாயிற வரைக்கும் இங்கதான். சாப்புடுங்க" என்று பச்சமுத்து எழுந்து போய்விட்டான்.

மெகருன்னிசா வந்து மாலிக்கின் எதிரே ஒரு கவிழ்த்த மீன் கூடையின் மேல் உட்கார்ந்தாள். நஜியா சொன்னபடி அவள் திட்டவில்லை. ஆனால் அந்த முள்ளை இனியும் வைத்திருக்க முடியாது என்று தோன்றியது.

"ஒண்ணு கேக்கட்டா மச்சான்? ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம வாங்குனீங்க?"

மாலிக் வலையின் ஒரு கண்ணியை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"கேட்டா நீ வேணாம்னு சொல்லியிருப்ப."

"சொல்லித்தான் இருப்பேன். ஊர்ல சார்ஜ் போட எடமில்லையே."

"அதான். நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். எனக்குத் தெரியும். வூடு கட்டுனது நீ, புள்ளைக்கி மாப்ள பாத்தது நீ, எல்லாம் சரியாப் பண்ணுன. நான் பணம் அனுப்புனேன். திரும்பி வந்து பாத்தா, ஒரு ஆணி அடிக்கக்கூட எனக்கு எடமில்லாம எல்லாம் ஒழுங்கா இருக்குது. ஒரே ஒரு விஷயம், தப்போ சரியோ, நானா முடிவு பண்ணணும்னு இருந்துச்சி." கொஞ்சம் நிறுத்தி, "தப்பாத்தான் போயிட்டுது. இந்த வெயில்ல புள்ளய அலைய வெச்சிட்டேன்" என்றார்.

ஊர் திரும்பியவர் முதல் மாதம் முழுக்க வீட்டில் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தது மெகருன்னிசாவுக்கு நினைவு வந்தது. ஃபேனைத் துடைக்கப் போனார், அது போன வாரம்தான் துடைத்தது என்றாள். மீன் வாங்கிவரட்டுமா என்றார், வாசலுக்கே வந்துவிடும் என்றாள். விருந்தாளியைப் போல அவரை உட்காரவைத்துச் சோறு போட்டாள். அதை அவள் மரியாதை என்று நினைத்திருந்தாள்.

"தப்பெல்லாம் இல்ல" என்றாள் கடைசியில். "அவ இந்தக் கார்லதான் வருவேன்னு சொன்னா. வாந்தி எடுக்காம வந்துருக்கா."

"நெசமாவா சொல்ற?"

"ஏசி நல்லாத்தான் இருக்குது. சத்தமும் இல்ல."

காரைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அதுதான். மாலிக் அதைக் கேட்டுவிட்டுத் திரையைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செல்லாயி தட்டுகளோடு வந்தாள். சோறும் சங்கரா மீன் குழம்பும். எல்லோரும் கூடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நஜியா எழுந்துவந்து இரண்டு முறை குழம்பு வாங்கிப் போட்டுக்கொண்டாள். வெயில் தாழ்ந்ததும் கிளம்பினார்கள். தேவையான அளவுக்கு ஏறியிருந்தது.

மறுநாள் காலை மெகருன்னிசா செல்லாயிக்கு போன் செய்தாள். பச்சமுத்துதான் எடுத்தான். ராத்திரி ரெண்டு தடவை கரண்ட் போய்விட்டதாம், ஆட்டோவில் போதுமான சார்ஜ் ஏறவில்லையாம், செல்லாயி பழையபடி கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் துறைமுகம் போயிருக்கிறாளாம். "அவ ஒண்ணும் நெனைக்க மாட்டாக்கா" என்றான் அவன். மெகருன்னிசா போனை வைத்துவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்தாள். பிறகு பினாங்கில் இருக்கும் தம்பி ஹுமாயூனுக்குப் போட்டாள்.

ஸலாம் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள். மனையில் கரண்ட் வாங்க வேண்டும், கார்களுக்குச் சார்ஜ் போடும் மெஷின் ஒன்று வைக்க வேண்டும், அவன் சம்மதம் எழுதித் தர வேண்டும். சொல்லி முடித்தபோது அவளுக்கு நெற்றி வேர்த்திருந்தது.

அந்தப் பக்கம் ஹுமாயூன் சிரிக்கும் சத்தம் கேட்டது. "லாத்தா, எத்தன வருஷமா நீங்க எதாவது கேப்பீங்கன்னு பாத்துட்டிருக்கேன். இப்பயாச்சும் வாயத் தொறந்தீங்களே. அந்த மனை ஒங்களுதுதான். எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க."

அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே நஜியாவுக்கு வலி எடுத்துவிட்டது. காலை டிபன் நேரம். மாலிக் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு காரை எடுத்தார். புவனகிரிப் பாலத்தில் டிராக்டர் ஒன்று வழியை மறித்தபோது மட்டும் ஹாரனை விடாமல் அடித்தார். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் மதியத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது.

நஜியா பிறந்தபோது அவர் மஸ்கட்டில் இருந்தார். அவள் காதில் பாங்கு சொன்னது மெகருன்னிசாவின் வாப்பா. இப்போது நர்ஸ் துணியில் சுற்றிய குழந்தையைக் கொண்டுவந்து நீட்டியபோது, மாலிக் கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்து நின்றார். "வாங்குங்க மச்சான், ஒண்ணும் ஆவாது" என்றாள் மெகருன்னிசா. அவர் வாங்கி, குழந்தையின் வலது காதருகே குனிந்து பாங்கு சொன்னார். பக்கத்தில் நின்ற மெகருன்னிசாவுக்குக்கூடக் கேட்காத அளவுக்கு மெதுவாகச் சொன்னார்.

நஜியா நாற்பது முடிந்து கடலூர் திரும்புவதற்குள் மனையில் வேலிக்கருவையை வெட்டி, தளம் போட்டு, தகரக் கூரை இறக்கியாகிவிட்டது. காருக்கு ஒரு மெஷின், பக்கத்திலேயே ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் இரண்டு பெரிய பிளக். இணைப்பு மெகருன்னிசா பேரில். ஆனால் எங்கே என்ன வைப்பது, எந்த மெஷின் வாங்குவது, கூரை எவ்வளவு உயரம் என்பதை எல்லாம் மாலிக் முடிவு செய்தார். ஒன்றிரண்டு இடத்தில் அவள் வேறு மாதிரி செய்திருப்பாள். தண்ணீர்க் குழாயை இந்தப் பக்கம் வைத்தால் மழையில் சேறாகும் என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. மழையில் சேறானது. மாலிக் கல் வாங்கிவந்து தானே பதித்தார்.

ஆப்பில் மீராப்பேட்டைக்கு ஒரு பச்சைப் புள்ளி வந்த அன்று மாலிக் அதைத் தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தார். முதல் வாரம் ஒருவரும் வரவில்லை. செல்லாயி மட்டும் வந்தாள், மீன் விற்றுக்கொண்டே. பிறகு ஊரில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வைத்திருந்த நான்கைந்து பேர் வந்தார்கள். பிறகு காரைக்காலிலிருந்து பாண்டிச்சேரி போகிற கார்கள் எப்போதாவது மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி வர ஆரம்பித்தன. காத்திருப்பவர்களுக்கு வேப்பமரத்தடியில் நாற்காலி உண்டு, டீயை மாலிக் போட்டார். அவர் டீ நன்றாக இருக்கிறது என்று ஒருவர் ஆப்பிலேயே எழுதிவிட்டுப் போனார்.

மெகருன்னிசா கார் ஓட்டக் கற்றுக்கொண்டது அந்தச் சமயத்தில்தான். கற்றுக்கொடுத்தது மாலிக். அந்த மாதத்தில் அவர்கள் போட்ட சண்டை, அதற்கு முன்பு மொத்தமாகப் போட்ட சண்டையைவிட ஜாஸ்தி. "பிரேக்க அப்படி மிதிக்காத" என்பார் அவர். "நீங்க மொதல்ல கத்தாம இருங்க" என்பாள் அவள். லைசென்ஸ் வாங்கிய பிறகும் பக்கத்தில் அவர் இல்லாமல் அவள் ஓட்டியதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பேத்தியைப் பார்க்கக் கிளம்பத் தயாராக இருந்தார்கள். அப்போது நாகூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து காரை மெஷினில் மாட்டியது. கைக்குழந்தை, வயதான அம்மா. அவர்களை விட்டுவிட்டுப் போக மாலிக்குக்கு மனம் வரவில்லை.

"நாளைக்கிப் போவலாமா மெகரு?"

மெகருன்னிசா பையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பைக்குள் பேத்திக்குத் தைத்த சட்டைகள் இருந்தன.

"நீங்க இவுங்களப் பாருங்க. நான் போயிட்டு வர்றேன்."

"தனியாவா?"

"சாவியக் குடுங்க."

அவர் கொடுத்தார். கண்ணாடியை ஒருமுறை துடைத்துவிட்டார். டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். அவள் சத்தமில்லாமல் சந்து முனையைத் தாண்டி ரோட்டில் ஏறும்வரை நின்றுகொண்டிருந்தார். நாகூர்க்காரர் டீ கேட்டது அவருடைய வலது காதிலும் விழவில்லை.

ஆலப்பாக்கம் தாண்டியிருப்பாள் என்று தோன்றியபோது ஒருமுறை போன் செய்தார். அவள் எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அஸர் தொழுகைக்குப் பிறகு அவளே கூப்பிட்டாள். பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது.

"வந்து சேந்துட்டேன் மச்சான். ஒரு எடத்துலயும் இடிக்கல. புள்ள என்னயப் பாத்து சிரிக்கிது. நஜியா ரெண்டு நாளு இருந்துட்டுப் போவச் சொல்றா."

"இருந்துட்டு வா" என்றார் மாலிக். சொன்ன பிறகுதான் வீட்டில் அவர் மட்டும் இருக்கப்போகிறார் என்பது அவருக்கு உறைத்தது.

"சாப்பாட்டுக்கு என்னா பண்ணுவீங்க?"

"நான் ஆறு பேருக்குச் சமச்சவன் மெகரு."

சாயங்காலம் செல்லாயி ஆட்டோவைக் கொண்டுவந்து பிளக்கில் மாட்டிவிட்டு, காலியாகக் கிடந்த கார் இடத்தைப் பார்த்தாள்.

"எங்க பாய் அக்காவ? காரயும் காணோம்."

"கடலூரு போயிருக்கா, பேத்தியப் பாக்க. ஓட்டிக்கிட்டே போயிட்டா" என்றார் மாலிக். பெருமையாகத்தான் சொன்னார். பிறகு அடுப்பில் பாலை வைத்துவிட்டு, "ஒன்னாண்ட எறா இருக்குதா செல்லாயி? ஞாயித்துக்கெழம வந்துருவா. நான் ஒரு குழம்பு வெக்கலாம்னு பாக்குறேன்" என்றார்.